தகட்டின் பின்பக்கம்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57-ஆவது விதி இப்படிச் சொல்கிறது: பொது ஏலத்தில் வண்டி எடுத்தவர், வண்டி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் படிவம் 32-இல் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணத்தோடு பதிவுச் சான்றையும், ஏலத்தை நடத்தியவர் விற்பனையை உறுதி செய்து கொடுத்த ஆணையையும் இணைக்க வேண்டும். இணைத்தால் பெயர் மாறும். படித்துப் பார்த்தால், காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். என் வேலைக்காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் திரும்பியும் இருக்கிறேன். ஒரே ஒரு முறை, விண்ணப்பத்தோடு போன வண்டி திரும்பவில்லை. கூடப் போன எங்கள் டிங்கரும் திரும்பவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் கள்ளக்குறிச்சியில் என்னைத் தேடி வந்த இரண்டு இளைஞர்கள். கைபேசியில் படம் பார்த்து, கைபேசியிலேயே ஏலம் கேட்டு, பழைய கார் வாங்கி விற்கிறார்களாம். வண்டியை நேரில் பார்ப்பது லாரியிலிருந்து இறங்கும்போதுதான். "சார், ஏலத்துல எடுத்த வண்டிக்குப் பேப்பர் பண்றதுல இன்னா பிரச்சனை வரும்?" என்று கேட்டார்கள். பேப்பரில் பிரச்சனை வராது, பேப்பரைப் படிக்காமல் வண்டியைப் பார்ப்பவரிடமிருந்துதான் வரும் என்றேன். இருவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். புரியவில்லை என்பதற்கு நம் ஊரில் அதுதான் அடையாளம். ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பி.காம். படித்துவிட்டு, திருக்கோவிலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சில ஆண்டுகள் இருந்தேன். மனு, பதில் மனு, நகல் மனு, நகல் மனு கிடைக்கவில்லை என்ற மனு எல்லாம் அங்கேதான் பழக்கம். பிறகு கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் தனலட்சுமி அம்மாளின் பட்டறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். பட்டறையில் எல்லோரும் என்னை 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரியாத ஒரே ஆள் என்பதால் வந்த பட்டம்.

தொழில் இதுதான். எங்கள் பக்கத்துப் பெரிய நிலக்காரர்கள் வீட்டில், நெல்லுக்கும் கரும்புக்கும் நல்ல விலை கிடைத்த ஏதோ ஒரு காலத்தில், ஒரு கார் வாங்கியிருப்பார்கள். ஓடிய வரைக்கும் ஓடி, பிறகு வைக்கோல் போரோடு கொட்டகையில் நிற்கும். பெரியவர் கண்ணை மூடியதும் பாகப்பிரிவினை வழக்கு வரும். நிலத்தை வெட்டிப் பங்கு போடலாம், காரை வெட்ட முடியாது. நீதிமன்றம் ஒரு ஆணையரை நியமித்து ஏலம் விடச் சொல்லும். அங்கே நாங்கள் போய் நிற்போம். எடுத்த வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து, ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்து, புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் விற்போம். வண்டிகளின் கம்பெனிப் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. எழுதினால், சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு விலை கேட்டு ஃபோன் செய்வார்கள்.

தனலட்சுமி அம்மாள் ஏலத்தில் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். அவருடைய கணவர் லாரிக்கு பாடி கட்டியவர். அவர் இறந்ததும் பட்டறையை யாருக்கு விற்கலாம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மாள் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சு அத்தோடு நின்றது. ஏலத்துக்குப் போகும்போது பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கூடவே எடுத்து வருவார். காரிலிருந்து தள்ளிப் போட்டு, காருக்குப் பாதி முதுகைக் காட்டி உட்காருவார். மற்ற வியாபாரிகள் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு எண்ணெய் முகர்ந்துகொண்டிருப்பார்கள். இவர் ஒரு தடவை எழுந்து போய், பின்கதவைத் திறந்து, சீட்டை முகர்ந்து பார்ப்பார். எலி மூத்திர வாடை இருந்தால் ஒயரிங் முழுக்கப் போச்சு என்று கணக்கு. கதவின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துவார். விரல் உள்ளே போனால் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அதோடு பரிசோதனை முடிந்தது. எஞ்சினைப் பார்க்கவே மாட்டார். "ஒடம்பு நல்லா கீதா, அத்த பாரு. எஞ்சினை நாம செஞ்சிக்கலாம்" என்பார்.

சேர்ந்த புதிதில், திருக்கோவிலூரில் ஒரு ரைஸ்மில் வீட்டு ஏலத்தில், பதிவுச் சான்றைக் காட்டாமல் எப்படி ஏலம் விடலாம் என்று ஆணையரிடம் எழுந்து கேட்டேன். சட்டப்படி சரியான கேள்விதான். ஆணையரும் ஒப்புக்கொண்டு, தேடி எடுத்துக் காட்டினார். விலை அம்மாள் நினைத்ததைவிட எங்கேயோ போய்விட்டது. திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "நீ சட்டம் பேசனா, இந்த வண்டி வாங்கத் தக்கதுன்னு பத்து பேருக்கு நீயே சொன்ன மாதிரி ஆவுது. ஏலத்துல வாய மூடு. ஆபீசுல தொற." என் பயிற்சிக் காலம் அந்த ஒரு நாளில் முடிந்தது.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வண்டியை வாங்க யார் வந்தாலும், வேலையைப் பற்றி அவர் பதில் சொல்ல மாட்டார். எந்தப் பாகத்தை யார் செய்தாரோ அவரே முன்னால் வந்து சொல்ல வேண்டும். "இந்த மட்கார்டு யார் வேலை?" என்று கேட்டால், செய்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து "நான்தாங்க" என்பார். நல்ல வேலைக்கும் அதே பதில், சொதப்பிய வேலைக்கும் அதே பதில். அம்மாள் நடுவில் வரமாட்டார். வாங்குகிறவர்களுக்கு இது பிடிக்கும். ஆட்களுக்கும் பிடிக்கும். இந்த வழக்கத்தில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை, நான் சொல்லப் போகும் அந்த நாள் வரை.

அந்த வண்டி கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் இருந்தது. கீழ்நாட்டு நிலக்காரர் ஒருவர் கோடைக்காகக் கட்டியது. அவருடைய பேரப்பிள்ளைகள் வழக்காடி, பங்களாவில் இருந்ததெல்லாம் ஏலத்துக்கு வந்தது. யுத்தத்துக்கு முந்திய கார். திறந்த கூரை, மரச்சட்டம் போட்ட கதவுகள். அசல் எஞ்சினை எப்போதோ கழற்றிப்போட்டு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் எண் குத்தியிருக்க வேண்டிய இடத்தைத் துரு தின்றிருந்தது. மிச்சம் இருந்தது டாஷ்போர்டுக்குக் கீழே, நான்கு ரிவெட் அடித்து வைத்த ஒரு பித்தளைத் தகடு. கம்பெனிப் பெயரும் சேஸிஸ் எண்ணும் அதில்தான் இருக்க வேண்டும்; தெரிகிறதா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

அசையும் சொத்து என்பதால் விலையை அன்றே கட்டினோம். வண்டி லாரியில் மலை இறங்கியது. அன்வர் அதை எடுத்துக்கொண்டார். எங்கள் டிங்கர்களில் அவரைப்போல ஒருவர் இல்லை. அடிவாங்கிய தகரத்தின் பின்னால் இரும்புக் கட்டையை வைத்து, முன்னால் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்; தகரம் தானாக நினைவு வந்ததுபோல் பழைய வளைவுக்குத் திரும்பும். சுத்தியல்கள் அவருடைய சொந்தச் சொத்து. கைப்பிடியை அவரே செதுக்கிப் போட்டிருந்தார். வேறு யார் எடுத்தாலும் கூப்பிட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

வண்டி ஓடும் அளவுக்கு வேலை முடிந்ததும், முப்பது நாள் தாண்டுவதற்குள், பெயர் மாற்றத்துக்கு வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டு போனோம். எந்த ஊர் அலுவலகம் என்பது தேவையில்லை. ஆய்வாளர் நல்ல இளைஞர், கை சுத்தமானவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்காது. அவர் டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பித்தளை கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. எண் இருந்த இடத்தில் ஒரு நிழல்கூட இல்லை.

"இந்தத் தகட்டுல யார் வேலை பார்த்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அன்வர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாங்க."

அவர் செய்தது மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ஆனால் கேட்ட கேள்விக்குப் பட்டறையில் ஒரே பதில்தான் பழக்கம்.

"அப்ப நம்பரை அரம் போட்டு எடுத்தது நீதான்" என்றார் ஆய்வாளர்.

ஏல ஆணையை நீட்டினேன். நீதிமன்றம் விற்ற வண்டி, திருட்டு வண்டியாக எப்படி இருக்கும் என்று கேட்டேன். நீதிமன்றம் விற்ற வண்டி இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம், எண்ணே இல்லையே என்றார் அவர். கேள்வியில் பிழை இல்லை. அது என்னை இன்னும் எரிச்சலூட்டியது. அவர் எழுத்தில் புகார் கொடுத்தார். காவல் நிலையம் மோசடி என்றும், அடையாளத்தை அழித்தல் என்றும் வழக்குப் பதிந்தது. வண்டியைக் கைப்பற்றினார்கள், அன்வரைக் கைது செய்தார்கள். மறுநாள் பட்டறைக்கு வந்து அன்வரின் கருவிப் பெட்டியையும் சான்றுப் பொருள் என்று எடுத்துப் போனார்கள். அரம் மூன்று இருந்தது, சரி. சுத்தியலும் இரும்புக் கட்டையும் எந்த எண்ணை அழிக்கும் என்று கேட்டேன். "பெட்டியோட எடுக்கறோம் சார், பிரிச்செல்லாம் எடுக்க முடியாது" என்றார்கள்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன் பிறகு அன்வர் பட்டறைக்கு வந்தாலும் இரவல் சுத்தியலில்தான் வேலை. ஒரு மட்கார்டைத் தட்டி முடித்து, தடவிப் பார்த்து, "இது என் வேலை இல்லமா" என்று அம்மாளிடம் சொன்னார். வெளியே பேச்சு வேறு மாதிரி இருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரன் ஒருவன், "இன்னா பாய், என் டிவிஎஸ் நம்பரு கூட புடிக்கல, கொஞ்சம் தேச்சிக் குடேன்" என்று ரோட்டிலிருந்தே கத்தினான். அன்வர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு அவன் கத்தியதைவிட மோசமாக இருந்தது.

அம்மாள் காவல் நிலையத்துக்குப் போய் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். மணல் லாரிகளுக்கும் நசுங்கிய பைக்குகளுக்கும் நடுவில் நின்றது. குனிந்து, என் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தகட்டை நெடுநேரம் பார்த்தார்.

"இத்தப் போயி அரம் போட்டதுன்னு எவன் சொன்னான்? தொலக்குனது ரைட்டரே இது."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரிவெட்டைப் பாரு, தலையெல்லாம் தேஞ்சி வழவழன்னு கீது. ஓரத்துல கம்பெனிப் பேரும் போச்சு. நம்பரை அழிக்க வந்தவன் நம்பரை அழிச்சிட்டுப் போவான். ஆணித் தலையை ஏன் தொலக்கிக்கினு நிக்கறான்? என் கல்யாணச் சொம்புல பேரு எப்படிப் போச்சு? பூசைக்குப் பூசை புளி போட்டுத் தேச்சி தேச்சிப் போச்சு."

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிற வீட்டில், பித்தளை என்றால் அது குத்துவிளக்கா, அரசாங்க அடையாளமா என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? உதவி ஆய்வாளரிடம் சொன்னோம். "பாத்திரம் வேற, வண்டி வேறம்மா" என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அன்வர் இன்னொன்று சொன்னார். "தகடு மெல்லிசு மா. முன்னாடி நம்பரு குத்துனா பின்னாடி எழும்பி இருக்கும். பின்பக்கத்தை எவனும் தொலக்கியிருக்க மாட்டான்."

"நாலு ரிவெட்டுதான?" என்று அம்மாள் எழுந்தே விட்டார். "நானே கழட்டறேன்."

நான் தடுத்தேன். அந்த ரிவெட்டை நாங்கள் தொட்டால், தகட்டை மாற்றியதும் நாங்கள், பின்னால் எண் குத்தியதும் நாங்கள் என்பார்கள். தகட்டில் கை வைக்கவில்லை என்று நிரூபிக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். தகட்டைக் கழற்றினால் கை வைத்தவர் ஆகிவிடுவோம். என் அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமாக மூடிக்கொண்ட நடைமுறையை நான் பார்த்ததில்லை. நீதிமன்றம் உத்தரவிட்டு, அரசு ஆய்வுக்கூடத்து ஆள் வந்து கழற்றினால்தான் உண்டு. நீதிமன்றம் உத்தரவிட, துலக்கித் தேய்ந்தது என்பதற்கு முகாந்திரம் காட்ட வேண்டும்.

அதைக் காட்டுவதற்காக மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஏறும்போதெல்லாம் அம்மாள் ஸ்டூலை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். பங்களாவில் வேலை செய்தவர் தீர்த்தம்மாள் என்று விசாரித்து வைத்திருந்தோம். ஐம்பது வயது இருக்கும். வீட்டு முன்னால் தார்ப்பாயில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வண்டியில ஒரு பித்தளைத் தகடு இருக்குமே, ஞாபகம் கீதாமா?" என்று அம்மாள் ஆரம்பித்தார்.

"ஏன் இல்லாம? நான்தான தொலக்குவேன். பூசைக்கு மொத நாளு, வெளக்கு தட்டு எல்லாத்தோட அதுக்கும் புளி தடவி வுட்டு, செங்கப்பொடில தேப்பேன். அந்தூட்டு அம்மா வந்து குனிஞ்சி பாப்பாங்க. மூஞ்சி தெரியணும். தெரியலன்னா மறுபடி தேய்யின்னுவாங்க."

"அதுல எழுத்து இருந்துச்சா?"

"எங்கம்மா அங்க வேலைக்கி இருந்தப்ப இருந்துச்சாம். எங்கிட்ட வர்றப்பவே பாதிதாங்க." சிரித்தார். "மீதிய நான் முடிச்சேன்."

எங்களுக்கு வேண்டியது மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். அவர் முகம் மாறியது.

"இன்னாத்துக்கு எழுதறீங்க?"

அன்வர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கடுக்காயிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்ப அந்த நம்பரை அழிச்சது நானுங்களா?"

"நீங்க துலக்கினீங்க, அவ்வளவுதான்" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு வெறகுதாங்க எடுத்தாரு. அதுக்கே காட்டுக் கேசுன்னு உள்ள வெச்சாங்க. நான் கையெழுத்து போட்டா என்னியும் கூப்புடுவாங்களா இல்லீங்களா?"

கூப்பிடுவார்கள். சாட்சி என்று கூப்பிடுவார்கள், கீழே வந்து வாய்தாவுக்கு நிற்க வேண்டும். அதற்குள் யாராவது ஒரு அதிகாரி, அழித்தவரே ஒப்புக்கொண்டார் என்று கோப்பில் திருப்பி எழுதமாட்டார் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. இதே வேலையை எத்தனை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். "கூப்பிடுவாங்க" என்று உண்மையைச் சொன்னேன். பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

மலை இறங்கும்போது அம்மாள், "அந்தப் பொம்பள சொன்னா அன்வரு தப்பிச்சான்" என்றார்.

"சொன்னா அவங்க மாட்டினாங்க."

"அப்ப வேற வழி பாரு. வழி இல்லன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத."

அன்வரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் உடனே கையை ஆட்டினார். "வேணாம் ரைட்டரே. எனக்குச் சுத்தி போச்சு. அந்தம்மாவுக்குக் கடுக்காயும் போவணுமா? அவங்க பேரை எங்கயும் எழுதாதீங்க." எழுதவில்லை. இப்போது இங்கே எழுதியிருப்பதும் அவருடைய பெயர் அல்ல.

வேறு வழி ஏலப் பட்டியலிலேயே இருந்தது. அது யார் கேட்டாலும் நகல் தரும் பொதுக் காகிதம். பங்களாவின் பித்தளைச் சாமான்கள் ஒரே மூட்டையாகத் தியாகதுருகத்துப் பாத்திரக்கடைக்காரர் ஒருவருக்குப் போயிருந்தன. மறுநாளே போனோம். நல்ல வேளை, உருக்கும் அடுப்புக்குப் போகக் காத்து, மூட்டை வாசலிலேயே இருந்தது.

"கார் வாங்கற கம்பெனி சொம்பு வாங்க வந்துட்டீங்களா? வியாபாரம் அவ்ளோ மோசமா?" என்றார் கடைக்காரர்.

அம்மாள் தரையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். ஒரு தாம்பாளம் கிடைத்தது. விளிம்பில் குடும்பப் பெயர் வெட்டியிருந்த இடத்தில் நான்கு எழுத்தில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. பளபளப்பு, விளிம்பின் வழுக்கல், குறுக்கும் நெடுக்குமாக ஓடிய மெல்லிய கீறல் எல்லாம் அந்தத் தகடேதான். நான் எடுத்துப்போன தகட்டின் புகைப்படத்தைக் கடைக்காரர் தாம்பாளத்தோடு வைத்துப் பார்த்தார்.

"செங்கப்பொடி. அரம்னா கோடு ஒரே பக்கமாப் போவும். இது கை போன பக்கமெல்லாம் போயிருக்குது. நான் தெனம் பாக்கறதுதான் சார்."

"இதைக் கோர்ட்டுல சொல்வீங்களா?" என்றேன்.

"அதுக்கென்ன? எனக்கு அங்க ஏற்கெனவே தம்பியோட கேசு நடக்குது. ஒரே வாய்தாவுல ரெண்டையும் பாத்துக்கறேன்."

மனுவை நான் எழுதி, வக்கீல் கையெழுத்துப் போட்டார். மனுவில் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும் என்பது நான் குமாஸ்தாவாகக் கற்றது. மூன்று கேட்டால், மூன்றாவதை மறுத்துவிட்டு மனுவையே தள்ளுபடி செய்வார்கள். வண்டியை விடுங்கள் என்றோ, வழக்கை ரத்து செய்யுங்கள் என்றோ கேட்கவில்லை. தாம்பாளத்தையும் கடைக்காரரின் வாக்குமூலத்தையும் இணைத்து, தகட்டை நிபுணர் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்கட்டும் என்று மட்டும் கேட்டேன். முதல் வாய்தாவில் நடுவர் விடுப்பு. அடுத்ததில் வக்கீல்கள் புறக்கணிப்பு. அதற்கடுத்ததில் அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது. நான் ஒவ்வொன்றுக்கும் போனேன். நான் போகாவிட்டால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் கோப்புக்குக் காத்திருக்கும் ஒரு முகம் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. ஒருவழியாக உத்தரவு வந்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர் ஒல்லியான மனிதர், பேசாதவர். காவல் நிலைய வளாகத்தில் வைத்தே, உதவி ஆய்வாளரும் புகார் கொடுத்த ஆய்வாளரும் நானும் அம்மாளும் பார்க்க, ரிவெட்டின் தலைகளைச் சிறு துரப்பணத்தால் எடுத்தார். அன்வரைக் கிட்டே விடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தகடு கழன்று வந்தது. பின்பக்கம் எண்ணெயும் அழுக்கும் அப்பிக் கறுப்பாக இருந்தது. எதையோ தொட்டு மெல்லத் துடைத்தார். கறுப்பு விலகிய இடத்தில், சாமை அரிசியை வரிசையாக ஒட்டி வைத்ததுபோல், இடம் வலம் மாறி, எண்கள் எழும்பி நின்றன.

அம்மாளால் பொறுக்க முடியவில்லை. "இன்னாபா, நம்பரு கீதா?"

"ரிப்போர்ட்ல வரும்மா" என்றார் அவர். படம் எடுத்தார், உறையில் போட்டார், முத்திரை வைத்தார்.

எல்லோரும் பார்த்தாயிற்று. புகார் கொடுத்த இளைஞர் தன் கோப்பிலிருந்த பதிவுச் சான்று நகலைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், கோப்பை மூடினார். வெளியே போகும்போது கேட்டில் அன்வர் அருகே நின்று, "வெயில்ல எவ்வளவு நேரமா நிக்கிற? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். அன்வர் "குடிச்சேன் சார்" என்றார். குடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

பார்த்தது வேறு, பதில் வருவது வேறு. மறுநாளும் அன்வர் கையெழுத்துப் போடப் போனார். அதற்கு மறுநாளும் போனார். நான் ஆய்வுக்கூடத்துக்கு நினைவூட்டல் எழுதினேன். நிலையத்துக்கும் எழுதினேன். நீதிமன்றம் மூலம் கேட்கும்படி ஆய்வுக்கூடம் சொன்னது. நீதிமன்றம் மூலமும் கேட்டேன். "விடுங்க ரைட்டரே, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே" என்று எங்கள் பெயின்டர் ஒரு நாள் சொன்னார். எல்லோருக்கும் தெரிவதை வைத்துச் சான்றுப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நினைவூட்டலை எழுதினேன். இந்த வண்டிக்குச் சொல்லி வைத்திருந்த புதுச்சேரிக்காரர் காத்திருந்து பார்த்து வேறு வண்டி வாங்கிக்கொண்டார். அம்மாள், அன்வர் தட்ட வேண்டிய கதவுகளை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு காவலர் பைக்கில் வந்து உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் அடிப்படையில் வண்டியின் பெயர் பிறகு மாறியது, கருவிப் பெட்டியும் ஒவ்வொரு சுத்தியலிலும் ஒரு சீட்டுக் கட்டி வந்து சேர்ந்தது. அன்றைக்கு வந்தது ஒற்றைத் தாள். நான் பட்டறை நடுவில் நின்று உரக்கப் படித்தேன். அம்மாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். தகட்டின் முன்பக்கத்தில் அரம் போன்ற கருவியின் தடம் ஏதும் இல்லை, பின்பக்கத்து எண் பதிவுச் சான்றின் எண்ணோடு ஒத்துப்போகிறது, ஆகவே வழக்கு 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று முடிக்கப்படுகிறது. யாருடைய மிஸ்டேக் என்பதற்கு அந்தத் தாளில் இடம் ஒதுக்கவில்லை.

"மறுபடி படி" என்றார் அம்மாள். படித்தேன்.

அன்வர் இரவல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலையில்தான் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"எந்தத் தேதிலேர்ந்து நான் திருடன் இல்லன்னு போட்டிருக்குது, ரைட்டரே?"

தாளின் மேலே போட்டிருந்த தேதி இரண்டு மாதம் பழையது. அதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்து, அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன்:

ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.